மங்குக் குவளையிலிருந்து டர்போ வரை: வெப்பப் பூச்சு வந்த வழி

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் ஆற்றப்பட்ட உரை, வாசகர்களுக்காகச் சற்று விரிவாக்கி இங்கே தரப்படுகிறது.)



இன்றைய உரைக்குக் காரணம் ஒரு தாயார் எழுதி அனுப்பிய கேள்வி. "ஐயா, என் மகன் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். அதன் டர்போவுக்கும் புகைக்குழாய்க்கும் செராமிக் பூச்சு அடிக்க வேண்டும் என்கிறான். அவனுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் செலவாகுமாம். கேட்டால், இது விண்வெளித் தொழில்நுட்பம் என்று கடைக்காரர் சொன்னாராம். அது உண்மைதானா? பூச்சு அடித்தால் கார் தீப்பிடிக்காது என்கிறானே, அதை நம்பலாமா?" என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார்.

சுருக்கமாகச் சொன்னால், கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதிக் கதை. இந்தப் பூச்சு எங்கே பிறந்தது, எங்கே வென்றது, எங்கே தோற்றது என்று தெரிந்துகொண்டால், எதை வாங்கலாம், எதை விடலாம் என்று நாமே முடிவு செய்யலாம்.

மங்கு சொல்லும் பாடம்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மங்குக் குவளையை மறக்க முடியாது. வெள்ளை நிறம், விளிம்பில் நீலக் கோடு. உள்ளே இருப்பது மெல்லிய இரும்புத் தகடு. மேலே இருப்பது உருக்கி ஒட்டவைத்த கண்ணாடிப் பூச்சு. அந்தப் பூச்சு இருக்கும்வரை இரும்பு துருப்பிடிக்காது. கீழே விழுந்து ஓரம் தெறித்துவிட்டால், அந்த இடத்தில் கருப்புப் புள்ளி விழும். அங்கிருந்து துரு பரவும்.

வெப்பப் பூச்சின் வரலாறு முழுவதும் இந்தக் குவளைக்குள் இருக்கிறது என்று சொல்லலாம். உலோகம் சூட்டில் அதிகமாக விரியும். பீங்கான் குறைவாக விரியும். இரண்டையும் ஒட்டவைத்துச் சூடாக்கிக் குளிரவைத்தால், ஒன்றை ஒன்று இழுக்கும். ஒட்டு பலமாக இல்லாவிட்டால் பூச்சு உரிந்துவிடும். எண்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் போராடி வந்தது இந்த ஒரு சிக்கலோடுதான்.

வீணாகும் நெருப்பு

கார் என்ஜினில் நாம் ஊற்றும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் வழியாகவும், மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியாகவும் காற்றில் கலந்துவிடுகிறது.

இந்த நஷ்டத்தைக் கண்டு மனம் பொறுக்காதவர் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் ஆல்ஃபிரெட் பூக்கி. வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சிறு விசிறியைச் சுழற்றி, அந்த விசையால் என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கலாம் என்று 1905ஆம் ஆண்டு அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதுதான் டர்போ. 1920களில் ஜெர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் அதைப் பொருத்தியபோது, 1,750 குதிரைத் திறன் தந்த டீசல் என்ஜின் 2,500 குதிரைத் திறன் தந்தது.

விமானத்தில் இதைச் சோதித்தவர் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ். மலையுச்சியில் காற்று மெலிந்திருக்கும் என்பதால், 1918இல் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைமீது, ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரத்துக்கு விமான என்ஜினை ஏற்றிப் பரிசோதித்தார். டர்போ வேலை செய்தது. கூடவே ஒரு தொல்லையும் தெரிந்தது. புகை பாயும் பாகங்கள் பழுக்கக் காய்ந்தன. சூட்டைத் தாங்கும் உலோகம் கிடைப்பதே அன்று பெரும்பாடாக இருந்தது.

போர்க்காலத் தட்டுப்பாடு

இரண்டாம் உலகப்போர் வந்தது. ஆயிரக்கணக்கான போர் விமானங்களுக்குப் புகைக்குழாய் வேண்டும். சூட்டைத் தாங்கும் எஃகுக்கு நிக்கலும் குரோமியமும் வேண்டும். இரண்டுக்கும் கடுமையான தட்டுப்பாடு.

அப்போது அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகத்தில் பீங்கான் துறை ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். சாதாரண இரும்புக் குழாய்மீது, மங்குக் குவளையின் பூச்சைப் போன்ற, ஆனால் அதைவிட அதிகச் சூடு தாங்கும் ஒரு பூச்சைப் பூசினார்கள். அங்கே உருவான பூச்சுகளில் 'ஏ-417' என்பது பெயர் பெற்றது. மலிவான இரும்பு, விலை உயர்ந்த உலோகத்தின் வேலையைச் செய்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பூச்சின் முதல் வேலை இரும்பை அரிப்பிலிருந்து காப்பது. வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவது அடுத்த கட்டம். இன்றைக்கும் கடைகளில் விற்கும் பல 'செராமிக்' பூச்சுகள் இந்த முதல் வகையைச் சேர்ந்தவை. துருவைத் தடுப்பதில் கெட்டிக்காரர்கள். வெப்பத்தைத் தடுப்பதில் சுமாரானவர்கள்.

ராக்கெட்டில் உரிந்த பூச்சு

விண்வெளித் தொழில்நுட்பம் என்று கடைக்காரர் சொன்னதற்கு வருவோம். 1959இல் பறக்கத் தொடங்கிய அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானம், 1967 அக்டோபர் 3ஆம் நாள் ஒலியின் வேகத்தைப்போல் 6.7 மடங்கு வேகத்தில் பறந்தது. அதன் என்ஜினில் நெருப்புப் பாயும் அறையின் உட்புறத்தில் சிர்கோனியா என்ற பீங்கானைத் தெளித்திருந்தார்கள். மனிதன் ஓட்டிய ஊர்தியில் வெப்பத் தடுப்புப் பூச்சு பயன்பட்டதற்கு இது முன்னோடியான உதாரணம். ஆனால் அந்தப் பூச்சும் அங்கங்கே உரிந்தது. பராமரிப்பாளர்களுக்கு அது தீராத தலைவலி.

சிர்கோனியா என்பது நமக்கு அந்நியமான பொருள் இல்லை. சிர்கான் என்ற கனிமத்திலிருந்து வருவது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் அலசிய பிறகு மிஞ்சும் 'அமாங்' என்ற கரிய மணலில் சிர்கான் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் இருக்கிறது.

அதன் சிறப்பு என்ன? சாதாரண இரும்பு கடத்தும் வெப்பத்தில் சுமார் இருபத்தைந்தில் ஒரு பங்கைத்தான் கடத்தும். உருகுவதற்கு ஏறக்குறைய 2,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். பீங்கான் இனத்தில் உலோகத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக விரிந்து சுருங்குவதும் இதுதான். ஆனால் ஒரு கெட்ட குணம் உண்டு. தூய சிர்கோனியா, மிகுந்த சூட்டிலிருந்து குளிரும்போது, உள்ளமைப்பு மாறி 4 முதல் 5 விழுக்காடு வீங்கும். வீங்கினால் வெடிக்கும்.

ஏழு விழுக்காட்டு மருந்து

இதற்கு மருந்து யிட்ரியா என்ற இன்னொரு ஆக்சைடு. அதைக் கலந்தால் சிர்கோனியா அடங்கியிருக்கும். எவ்வளவு கலப்பது? அதிகம் கலந்தால் நல்லது என்றே முதலில் நினைத்தார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் உள்ள நாசா லூயிஸ் ஆய்வு மையத்தில் கர்ட் லீபர்ட், ஸ்டீஃபன் ஸ்டெகுரா ஆகியோர் 1976இல் யிட்ரியா கலந்த சிர்கோனியாவை ஜெட் என்ஜின் தகடுகளில் பூசி ஓட்டிக் காட்டினார்கள். பிறகு 1978இல் ஸ்டெகுரா, 6 முதல் 8 விழுக்காடு யிட்ரியா கலந்தால்தான் பூச்சு நீண்ட நாள் உழைக்கும் என்று கண்டுபிடித்தார். அளவோடு இருந்தால்தான் மருந்து என்பது இங்கும் சரியாகிவிட்டது. இன்றுவரை விமான என்ஜின்களில் பெரும்பாலும் ஏறத்தாழ 7 விழுக்காட்டுக் கலவைதான் பயன்படுகிறது.

இன்னொரு ரகசியம், இடையில் பூசும் ஒட்டுப் பூச்சு. நிக்கல், குரோமியம், அலுமினியம், யிட்ரியம் கலந்த உலோகத்தை முதலில் பூசி, அதன்மேல் பீங்கானைத் தெளிப்பார்கள். பிளாஸ்மா எனப்படும் மின்சுடரில், 10,000 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில், தூள் உருகிப் போய் ஒட்டும்.

இந்த வெற்றியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்தத் தகட்டின் உள்ளே குளிர்ந்த காற்று ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே நெருப்பு, நடுவே பூச்சு, உள்ளே குளிர்காற்று. அதனால்தான் உலோகம் 100 டிகிரிக்கு மேல் சூடு குறைந்து பிழைக்கிறது. மறுபக்கத்தில் குளிர்விக்க ஒன்றும் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல பூச்சாக இருந்தாலும், சூடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி உலோகமும் நெருப்பின் சூட்டையே அடைந்துவிடும். பூச்சு வெப்பத்தைத் தாமதிக்கும், அழிக்காது. இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பலாம்.

ரேடியேட்டர் இல்லாத லாரி

ஜெட் என்ஜினில் வென்றதைக் கார் என்ஜினிலும் செய்தால் என்ன என்ற ஆசை எழுந்தது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் அமெரிக்கத் தரைப்படையின் வால்டர் பிரிசிக்கும், கம்மின்ஸ் நிறுவனத்தின் ராய் காமோவும் சேர்ந்து, பிஸ்டன், சிலிண்டர் பாகங்களுக்கு வெப்பத் தடுப்புக் கொடுத்து, ரேடியேட்டரே இல்லாத ஐந்து டன் லாரியை ஓட்டிக் காட்டினார்கள். உலகமே வியந்தது. ஜப்பானிய நிறுவனங்களும் செராமிக் என்ஜின் ஆராய்ச்சியில் இறங்கின. இனி ரேடியேட்டருக்கு விடை கொடுக்கலாம் என்றே பலர் எண்ணினார்கள்.

நடந்தது வேறு. சிலிண்டர் சுவர் எப்போதும் சூடாக இருந்ததால், உள்ளே வரும் புதுக் காற்றும் சூடாகி விரிந்தது. குறைவான காற்றே உள்ளே போனது. 1987இல் ஜெர்மனியின் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கெர்ஹார்ட் வோஷ்னி, வெப்பத் தடுப்புச் செய்த அறையில் எதிர்பார்த்த எரிபொருள் சிக்கனம் கிடைக்கவில்லை என்று சோதனையோடு காட்டினார். அந்தக் கனவு அப்படியே அடங்கியது.

அது முழுத் தோல்வி இல்லை. 2015இல் டொயோட்டா நிறுவனம், 2.8 லிட்டர் டீசல் டர்போ என்ஜினில் புதிய வழியைக் கொண்டுவந்தது. பிஸ்டன் தலையில் சிலிக்காவால் வலுவூட்டிய, நுண்துளை நிறைந்த மிக மெல்லிய படலம். எரியும் கணத்தில் சட்டென்று சூடாகும்; காற்று வரும் கணத்தில் சட்டென்று ஆறும். எரியும்போது சுவர் வழியாக வீணாகும் வெப்பத்தை அதிகபட்சம் 30 விழுக்காடு அளவுக்கு இது குறைப்பதாக நிறுவனம் அறிவித்தது. அந்த என்ஜின் வரிசை ஹைலக்ஸ் வண்டிகளோடு நம் நாட்டுக்கும் வந்தது. முப்பது ஆண்டுக்கு முன் தோற்றவர்கள் கனமாகப் பூசினார்கள். வென்றவர்கள் மெல்லியதாகப் பூசினார்கள்.

உடைந்த செராமிக்

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "செராமிக் டர்போ உடைந்துபோகும்" என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. அது பூச்சைப் பற்றியது இல்லை. 1985இல் நிசான் நிறுவனம், டர்போவின் சுழலும் சக்கரத்தையே சிலிக்கான் நைட்ரைடு என்ற பீங்கானால் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை குறைவு என்பதால் சட்டென்று சுழன்றது. பிற்காலத்தில் ஸ்கைலைன் கார்களில் காற்றழுத்தத்தை அளவுக்கு மீறி உயர்த்தியவர்கள், அந்தச் சக்கரம் தூள்தூளானதைக் கண்டு நொந்துபோனார்கள். முழுப் பீங்கான் வேறு, பீங்கான் பூச்சு வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

உள்ளேயா, வெளியேயா?

இனி நம் கைக்கு வேண்டிய விஷயம். பட்டறையில் நானே பட்ட அனுபவம் ஒன்று. ஒரு வாடிக்கையாளரின் டர்போ காருக்கு, என்ஜினையும் டர்போவையும் இணைக்கும் வார்ப்பிரும்பு மெனிஃபோல்டின் வெளிப்புறத்தில் மட்டும் பூச்சு அடித்து, போதாததற்கு அதன்மேல் வெப்பத் துணியும் சுற்றிக் கொடுத்தோம். முன்மூடியைத் திறந்தால் கையை நீட்டலாம், அவ்வளவு குளிர்ச்சி. அவருக்கும் மகிழ்ச்சி, எங்களுக்கும் பெருமை. நான்காவது மாதம் மெனிஃபோல்ட் விரிசல் விட்டது. பூச்சு மோசம் என்று கொஞ்ச நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. வெளியே போக வழியில்லாத சூடு முழுவதும் இரும்புக்குள்ளேயே தங்கிவிட்டது. குற்றம் பூச்சில் இல்லை, எங்கள் கணக்கில். புது மெனிஃபோல்டின் விலையில் பாதியை நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

வெளிப்பூச்சு முன்மூடிக்குள் இருக்கும் ரப்பர், பிளாஸ்டிக், மின்கம்பிகளைக் காக்கும். ஆனால் இரும்பைக் கூடுதலாகச் சூடாக்கும். உட்பூச்சு இரும்பைக் காக்கும். ஆனால் உரிந்தால் ஆபத்து. டர்போ சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதில் ஒரு சிறு செதில் பட்டால்கூட இறக்கை சேதமாகும். அதனால் டர்போவுக்கு முன்னால் உள்ள பாகங்களின் உள்ளே கனமான பூச்சு வேண்டாம். டர்போவுக்குப் பின்னால் வரும் குழாயில் அந்தப் பயம் குறைவு.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கடைகளில் பொதுவாக இரண்டு வகை கிடைக்கும். முதலாவது, சாயம்போல் தெளித்து அடுப்பில் சுட்டெடுப்பது. கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட வராது. வெள்ளிபோல் மின்னும் ரகத்தில் அலுமினியம் கலந்திருக்கும். பொதுவாக 700 டிகிரி அளவு வரைக்கும் ஏற்றது. சூட்டைக் கதிராக வீசுவதை இந்த மினுமினுப்பு ஓரளவு குறைக்கும். துருவுக்கு நல்ல எதிரி. இரண்டாவது, நான் சொன்ன பிளாஸ்மா முறைச் சிர்கோனியா. ஒட்டுப் பூச்சும் சேர்ந்து சுமார் 0.3 மில்லிமீட்டர் கனம். விலை அதிகம், வெப்பத் தடுப்பும் அதிகம்.

உங்கள் கார் டீசலா, பெட்ரோலா என்று முதலில் பாருங்கள். முழு வேகத்தில் டீசல் டர்போவுக்குள் நுழையும் புகை பெரும்பாலும் 700, 800 டிகிரியோடு நிற்கும். பெட்ரோல் டர்போவில் 950 டிகிரியையும் தாண்டும். மின்னும் வெள்ளிப் பூச்சைப் பெட்ரோல் டர்போவின் சூடான கூட்டில் அடித்தால், பளபளப்பு சீக்கிரம் போய்விடும். அங்கே அதிகச் சூடு தாங்கும் ரகமே வேண்டும். வெள்ளிப் பூச்சைச் சூடு குறைந்த பின்குழாய்க்கு வைத்துக்கொள்ளலாம்.

பூச்சைவிட முக்கியம், பூசும் முன் செய்யும் வேலை. பழைய துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மணல் அடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் எதுவும் ஒட்டாது. அப்படி அடித்த மணல் ஒரு சிட்டிகை உள்ளே தங்கினாலும் டர்போவின் பேரிங் போய்விடும். ஆகவே டர்போவை முழுவதும் பிரித்து, கூட்டை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டும். பிரிக்காமல் அடித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். கேஸ்கெட் அமரும் முகங்களிலும் திருகு மரைகளிலும் பூச்சு படக்கூடாது.

காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் வெப்பத் தடுப்புப் பூச்சு அடிக்கவே கூடாது. சூட்டை வெளியேற்றுவதற்காகப் பிறந்த பாகங்கள் அவை. அவற்றுக்குப் போர்வை போர்த்துவது, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவதைப் போன்றது.

அந்தத் தாயாருக்கு

அம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விண்வெளித் தொழில்நுட்பமா என்றால், பிளாஸ்மாச் சிர்கோனியாவைப் பொறுத்தவரை ஆம். சாயம்போல் தெளிக்கும் ரகம் மங்குக் குவளைக்கு நெருங்கிய உறவு. அது இழுக்கு இல்லை. அந்த உறவுக்கு ஏற்ற விலைதான் கொடுக்க வேண்டும். எந்த ரகம், எந்தப் பக்கம், எத்தனை டிகிரி என்ற மூன்றையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தயங்குபவரிடமிருந்து தயங்காமல் திரும்பி வரலாம்.

தீப்பிடிக்காதா என்ற கேள்விதான் எனக்குக் கவலை. கார் தீப்பிடிப்பதற்குப் பூச்சு இல்லாதது மட்டும் காரணம் ஆகாது. வெடித்துக் கசியும் எண்ணெய்க் குழாய், பழைய பெட்ரோல் குழாய், தளர்ந்த இணைப்பு ஆகியவை சூடான டர்போமீது சொட்டும்போது தீ பிடிக்கிறது. பூச்சு அந்த ஆபத்தைச் சற்றுக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. பழைய டர்போ கார்களில் தொழிற்சாலை பொருத்திய வெப்பத் தடுப்புத் தகட்டை யாரோ கழற்றி எறிந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். அதைத் தேடிப் பிடித்து மாட்டச் சொல்லுங்கள். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாய்களையும் பெட்ரோல் குழாய்களையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். இதற்கே அந்தப் பணத்தில் ஒரு பகுதி போதும். மிஞ்சினால் டர்போக் கூட்டுக்கும் அதன் பின்குழாய்க்கும் பூச்சு அடிக்கட்டும். மெனிஃபோல்டை இப்போதைக்கு விட்டுவிடட்டும்.

மகனைத் தடுக்காதீர்கள் அம்மா. இயந்திரத்தை நேசிக்கும் பிள்ளை கெட்டுப்போக மாட்டான். பணத்தைக் கட்டுவதற்கு முன் இந்த உரையை அவனுக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள், அது போதும்.